ஏழு பேர் உக்காந்த டேபிள்

கொஞ்சம் அகட்டி உக்காருங்கண்ணா. பையை நடுவுல வெச்சுக்கங்க. ஆமா, அப்படித்தான். மூணு பேர் சீட்டுங்கறதுக்காக மூணு பேர் உக்காந்தே ஆகணும்னு ஒண்ணும் சட்டம் இல்லீங்க. காங்கேயத்துல ஒரு கூட்டம் ஏறும், அப்ப வேணா பார்த்துக்கலாம். எனக்குக் கூட்டம்னாலே ஆகாது. கூட்டத்துனால கெட்டவன் நானு.

கரூருக்குங்களா? நல்லதுங்க. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம் கல்லாங்காட்டுப் பிரிவுன்னு ஒரு ஸ்டாப்பு. என்ற மாமனார் ஊரு. இன்னிக்கு அங்க ஒரு பேச்சு இருக்குங்க. என்னைய வெச்சுத்தான் பேச்சு.

என்ன முணுமுணுக்கறேன்னு பாக்கறீங்க. மந்திரமெல்லாம் இல்லீங்க. எதிர்ல வர்ற வண்டி நம்பர்ல கடைசி எண்ணைப் பார்க்கறது. சின்ன நம்பரா இருந்தா ஒண்ணு கூட்டிக்கறது, பெரிய நம்பரா இருந்தா ஒண்ணு கழிச்சுக்கறது. நடுவுல இருக்கறதை விட்டுர்றது. அது பாட்டுக்கு உள்ள ஓடிட்டே இருக்கும். நிறுத்தணும்னு நெனைச்சாலும் நிக்கறதில்லை. இப்ப உங்ககிட்டப் பேசறனே, இப்பக் கூட ஓடுது. மைனஸ் மூணு.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். நான் சூதாடி இல்லீங்க. சூதாடறவன் அதிர்ஷ்டத்தை நம்பறவன். நான் கணக்கை நம்பறவன். இந்த வித்தியாசம் என்ற சொந்தபந்தம் ஒறம்பரைல ஒருத்தருக்கும் புரியலை.

பேரு ஈசுவரமூர்த்திங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். பெருசா ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. வெளிநாட்டுக்காரன் ஒரு பக்கம் திட்டுவான், மொதலாளி ஒரு பக்கம் திட்டுவாரு, நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சரிங்க சரிங்கன்னு சொல்ற வேலை. எந்தக் கலர் சாயப்பட்டறை டையிங்ல நிக்குது, எந்த சைஸுல எத்தனை பீஸு கொறையுது, எல்லாம் மண்டைக்குள்ளயே இருக்கும். எழுதி வெக்கறதே கெடையாது. எண்ணிக்கை எனக்கு அப்படி வரும்.

ஒரு வருஷம் ஒரு பெரிய ஆர்டர் நல்லபடியா போயிருச்சுன்னு மொதலாளி எங்க எல்லாரையும் கோவாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஆத்துக்குள்ள கப்பலை நிறுத்தி வெச்சு, அதுக்குள்ள ஆட்டம். சட்டப்படிதானுங்க, ஒளிவு மறைவே இல்லை. நம்ம ஆளுங்க பூரா சக்கரம் சுத்தறதை வாயைப் பொளந்து பார்த்துட்டு நின்னாங்க. நான் போய் நின்னது பிளாக்ஜாக் டேபிள்ல.

தெரியாதுங்களா? சுளுவான ஆட்டம். உங்களுக்கு ரெண்டு சீட்டு, சீட்டு போடற டீலருக்கு ரெண்டு சீட்டு. கூட்டுனா இருபத்தொண்ணுக்கு யாரு கிட்ட வர்றாங்களோ அவங்களுக்கு ஜெயம். தாண்டிட்டா அவுட்டு. ராஜா ராணி ஜாக்கி எல்லாம் பத்துத்தான். டீலரு கைல பதினாறு இருந்தா இன்னொரு சீட்டு எடுத்தே ஆகணும், அவன் இஷ்டத்துக்கு நிறுத்திக்க முடியாது. அவ்வளவுதான் ஆட்டம்.

விஷயம் எங்க இருக்குன்னா, வெளில போன சீட்டு திரும்ப வராதுங்க. மறுபடி கலைச்சுப் போடற வரைக்கும் வராது. சின்ன சீட்டெல்லாம் மொதல்லயே போயிருச்சுன்னா சீட்டு வெச்சிருக்கற பெட்டிக்குள்ள மிச்சம் இருக்கறது பூரா பெரிய சீட்டு. சின்ன சீட்டுக்கு ஒண்ணு கூட்டி, பெரிய சீட்டுக்கு ஒண்ணு கழிச்சுட்டே வந்தா, பிளஸ் ஏறறப்ப நமக்கு நல்ல நேரம். அப்பப் பெருசா வெக்கணும். மத்த நேரம் கொஞ்சமா வெச்சுட்டுக் கம்முனு உக்காந்திருக்கணும். இதுல எங்கீங்க அதிர்ஷ்டம் வருது? செல்லுல படிச்சு, நானே கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு மழைக்காலம் பூரா இதே வேலையா கத்துக்கிட்டேன்.

ஆனா கூட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே. அதைப் பத்திச் சொல்றவன் எவனும் அனுபவிச்சுச் சொல்றதில்லை.

நானும் டீலரும் மட்டும்னு வைங்க. ஒரு பெட்டி சீட்டு தீர்றதுக்குள்ள எத்தனையோ ஆட்டம் வரும். நல்ல நேரம் வந்தா அது பூரா எனக்கே. ஏழு நாற்காலிலயும் ஆளு உக்காந்துட்டா? நான் எண்ணி எண்ணிக் காத்திருந்து, இதோ வந்துருச்சுன்னு நிமிர்றப்ப, அந்த நல்ல சீட்டெல்லாம் ஏழா பிரிஞ்சு போகும். ஒரு ஆட்டம், மிஞ்சிப் போனா ரெண்டு ஆட்டம், அதுக்குள்ள மஞ்சள் அட்டை வந்துரும். சீட்டுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் அட்டை சொருகி வெச்சிருப்பாங்க. அது தலையைக் காட்டுச்சுன்னா அந்த ஆட்டத்தோட சரி, எல்லாத்தையும் அள்ளித் திரும்பக் கலைப்பான். நான் எண்ணி வெச்சது அத்தனையும் குப்பைக்குப் போயிரும்.

சரி, நேரம் கெட்டிருக்கறப்ப ஆடாம உக்காந்துக்கலாம்னு பார்த்தா அதுக்கும் விடமாட்டாங்க. நம்ம ஊர்க் கல்யாணப் பந்தில, சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே இலைக்குப் பின்னால வந்து நிப்பாங்கல்ல, அது மாதிரி நாற்காலிக்குப் பின்னால ஆளு நிக்கும். ஒரு ஆட்டம் விட்டா எந்திரிங்கம்பான். எந்திரிச்சா போச்சு. அதனால கெட்ட நேரம்னு தெரிஞ்சே வெக்கணும். பெருசா வெச்சா டேபிளே திரும்பிப் பார்க்கும், அதனால பயந்து பயந்து வெக்கணும். கூட்டத்துல உக்காந்தவனுக்குத் தன்ற இஷ்டப்படி ஒரு பைசா வெக்க முடியாதுங்க. இதை நான் சொன்னா சிரிக்கறாங்க.

அதனாலதான் நான் வாரநாள்ல, பகல்ல போவேன். பெங்களூர்க்காரனும் பம்பாய்க்காரனும் சனி ஞாயிறுதான் வருவாங்க. புதன்கெழமை மத்தியானம் போனா டேபிள் காலியா கெடக்கும். லீவு போட்டுட்டுப் போவேன், வருவேன். கொஞ்சம் வந்துச்சுங்க, இல்லேங்கலை. ஊட்டுக்கு ஏசி போட்டேன். கலாவுக்குத் தெரியாம ஒண்ணும் செய்யலை. கலாங்கறது என்ற சம்சாரம், கலாமணி. அவகிட்ட நான் எதையும் மறைச்சதே கெடையாது.

பொண்ணு நாமக்கல்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்குது. ஊட்ல நாங்க ரெண்டே பேருதான். அது ஒரு வசதிங்க, பழகறதுக்கு.

அப்புறம் புதன்கெழமையும் கூட்டம் வர ஆரம்பிச்சிருச்சு. எல்லாருக்கும் எங்கிருந்துதான் லீவு கெடைக்குதோ. கூட்டத்துல எண்ணறது தனி வித்தைங்க. சத்தம், சிரிப்பு, சாராய வாடை, ஒருத்தன் தோள்ல கை போடுவான், ஒருத்தன் ஊரு எதுன்னு கேப்பான். ஒரு சீட்டு கண்ணுக்குத் தப்புனா மொத்தமும் தப்பு. இதுக்குப் பழகணுமேன்னு யோசிச்சுட்டு, ஒரு நாள் சாப்பிடற டேபிள் மேல ஏழு எடத்துல சீட்டைப் பரப்பிட்டு உக்காந்திருந்தேன். கலா வந்து பார்த்தா. ஏனுங்க, நான் வேணா சீட்டு போடட்டுங்களான்னு கேட்டா.

நல்லாப் போட்டா கலா. நாலு நாள்ல டீலர் மாதிரியே கை வந்துருச்சு. ஏழு பேருக்கும் போட்டு, எடுத்து, அள்ளி வெச்சு. டிவியைச் சத்தமா வெக்கச் சொன்னேன். பேசிட்டே போடு கலா, எதையாவது பேசு, கூட்டத்துல இருக்கற மாதிரி இருக்கட்டும்னு சொன்னேன். மொதல்ல என்ன பேசறதுன்னு சிரிச்சா. அப்புறம் பேச ஆரம்பிச்சா. ஆரம்பத்துல எனக்குத் தப்புச்சுங்க. அவ குரல் காதுல விழுந்தா எண்ணிக்கை போயிரும். பழகப் பழக, அவ பேசறது மோட்டார் ஓடற சத்தம் மாதிரி ஆயிருச்சு. இருக்கும், ஆனா கேக்காது. அதுதானுங்க வித்தை. அது எல்லாருக்கும் வராது.

ஒரு கட்டு முழுசும் தீர்ந்தா கூட்டிக் கழிச்சு ஜீரோ வரணும். அதுதான் ஒண்ணு கூட விடாம எண்ணுனதுக்கு அடையாளம். நாங்க பழகுனது ஆறு கட்டு. ரொம்ப நாளா எனக்கு ஒண்ணு ரெண்டு ஒதைச்சுட்டே இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் கலா பேசிட்டே போட்டா, நிறுத்தாமப் பேசுனா, கடைசிச் சீட்டு வரைக்கும் போட்டா. ஜீரோ. சுத்தமா ஜீரோ. ஜீரோ வந்துருச்சு கலான்னு டேபிளைத் தட்டிட்டு நிமிர்ந்து பார்த்தா, அவ முந்தானைல கண்ணைத் தொடைச்சுட்டு இருக்கா. அழுதுட்டே போட்டிருக்காங்கண்ணா. அப்பக் கூட எனக்கு எண்ணிக்கை தப்பலை பாருங்க.

என்ன கலான்னு கேட்டேன். கேக்காம இல்லை. ஒண்ணுமில்லீங்க, சோறு ஆறிப்போச்சு, சுட வெச்சுட்டு வர்றேன்னு உள்ள போயிட்டா. சரி, ஏதோ வெங்காயம் அரிஞ்ச கையா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

படியூர் தாண்டிட்டமா? காங்கேயம் வந்துரும் இன்னும் சித்த நேரத்துல.

நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒருத்தன் தறி போட்டா தெருவே தறி போடும். ஒருத்தன் கோழிப் பண்ணை வெச்சா அவன் மச்சான், சகலை, பங்காளி எல்லாரும் பண்ணை வெப்பாங்க. விட்டுட்டு ஒருத்தன் மட்டும் நல்லா இருந்தா அது மரியாதை இல்லை. எங்கூட்டு ஏசியைப் பார்த்தது என்ற சகலை. ரகுபதின்னு பேரு, கலாவோட தங்கச்சி ஊட்டுக்காரரு. வாயில ஒண்ணும் நிக்காது. மாமனாருகிட்ட, உங்க பெரிய மாப்பிள்ளை கோவாவுல ஒரு தொழில் பண்றாருன்னு போய்ச் சொல்லிப்போட்டாரு. மாமனாரு போன் பண்ணுனாரு. நாட்ராயன்னு பேரு அவருக்கு. எழுபதைத் தொடற வயசு, காங்கேயம் மாடு வளர்க்கறவரு, கோபமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை, எங்களையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்கன்னாரு. பொண்ணு குடுத்தவரு கேக்கறாரு. எப்படீங்க மாட்டேங்கறது?

அவரு, கலாவோட அண்ணன் தெய்வசிகாமணி, சகலை ரகுபதி, நானு. நாலு பேரு கார்ல. மாமியா கட்டுச்சோறு கட்டிக் குடுத்தாங்க, பெரிய தூக்குப் போசில புளிசோறு. மாமனாரு வேட்டியோட வந்துட்டாரு. கப்பல்ல வேட்டிக்கு ஏதாவது சொல்லிருவாங்களோன்னு சகலை தன்ற பேண்ட்டு ஒண்ணைக் குடுத்தாரு. இடுப்புல நிக்காம அவரு ஒரு கைல பிடிச்சுட்டே நடந்ததை நெனைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு வருது. சிரிக்கக் கூடாதுதான்.

நான் போறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆளுக்கு ஒரு டேபிள்ல உக்காருங்க, எங்கிட்ட யாரும் வராதீங்கன்னு. மாமனாரு மொகம் மாறிப்போச்சு. ஒரே ஊட்டு ஆளுங்க பந்தில தனித்தனியா உக்காருவமா மாப்பிள்ளைன்னு கேட்டாரு. வரிசையா உக்காந்தாங்க. மொத நாற்காலில மாமனாரு, அடுத்து மச்சான், அடுத்து சகலை. நடுவுல வடக்கத்திக்காரங்க மூணு பேரு. கடைசி நாற்காலில நானு. கடைசிலதான் எல்லார் சீட்டையும் பார்த்துட்டு ஆட முடியும். அப்புறம் டேபிள் ஃபுல்லு. இத்தனை நாளா எந்தக் கூட்டத்தைக் கண்டு ஓடுனனோ, அந்தக் கூட்டத்தை நானே கார் வெச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கேன்.

நான் கொஞ்சம் வெச்சா அவங்களும் கொஞ்சம். நான் கூட வெச்சா மூணு கையும் என்னைப் பார்த்துட்டே கூட வெக்கும். டீலர் பொண்ணு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச்சு. மேற்பார்வைக்கு நிக்கற கோட்டுக்காரரும் கிட்ட வந்து நின்னாரு. நான் என்ன பண்ணுவேன்? மாமா, என்னைப் பார்த்து வெக்காதீங்கன்னு அத்தனை பேர் முன்னால சொல்ல முடியுமா?

இதோ காங்கேயம். ஏறுது பாருங்க. எங்க ஊர்க் கூட்டம்.

வாங்க, உக்காருங்க. பரவாயில்லீங்க, நான் ஜன்னலோரம் ஒட்டிக்கறேன். பையை மடில வெச்சுக்கங்கண்ணா. அவரு தூங்கிருவாரு, நம்ம பேசலாம்.

எங்க விட்டேன்? ஆங். சாயங்காலம் பூரா ஒண்ணும் வரலீங்க. வர்றதும் போறதுமா கெடந்துச்சு. நல்ல நேரம் எட்டிப் பார்க்கும், ஏழு பேருக்கும் சீட்டு விழும், மஞ்சள் அட்டை வந்துரும். மறுபடி கலைப்பு. இப்படியே போச்சு. அப்புறம் ஒரு பெட்டி வந்துச்சு. அப்படி ஒரு பெட்டியை நான் அதுக்கு முன்னால பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் சின்ன சீட்டாவே கொட்டுது. ரெண்டு, நாலு, மூணு, அஞ்சு. பிளஸ் ஏறிட்டே போகுது. உள்ள இருக்கறது பூரா ராஜாவும் ராணியும்னு எனக்குத் தெரியுது. ஆனா மஞ்சள் அட்டையும் தெரியுது. இன்னும் ஒரே ஒரு ஆட்டந்தான்.

இங்கதாங்க கூட்டம் என்னைக் கொன்னுச்சு. தனியா இருந்திருந்தா அந்த மிச்சச் சீட்டுல நாலஞ்சு ஆட்டம் ஆடியிருப்பேன். அளவா வெச்சு, அளவா எடுத்திருப்பேன். இப்ப எல்லாத்தையும் ஒரே ஆட்டத்துல எடுத்தாகணும். விட்டா போச்சு. எந்தத் தொகைக்கு மேல வெக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லி வெச்சிருந்தனோ, அதைப் போல மூணு பங்கு வெச்சேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் கை போகுது. அந்தப் பக்கம் மூணு பேரும் பார்த்துட்டாங்க. மாமனாரு உள்பையில இருந்து மஞ்சப்பையை எடுத்தாரு. ஒரு ஜோடி காளை வித்த பணம். வேண்டாங்க மாமான்னு சொல்றதுக்குள்ள சீட்டு விழுந்துருச்சு.

எனக்கு ரெண்டு ராஜா. இருபது. டீலருக்கு மேல தெரியற சீட்டு ஆறு. அவங்க மூணு பேருக்கும் சுமாரான கை, டீலரு தாண்டுனாத்தான் பொழைப்பாங்க.

இருபது வந்தா எவனும் தொடமாட்டான். நல்ல கை. ஆனா ஒரே மாதிரி ரெண்டு சீட்டு வந்தா பிரிச்சு ரெண்டு கையா ஆடலாம், இன்னொரு பங்கு காசு வெச்சு. அவ்வளவு பிளஸ்ல, டீலருக்கு ஆறு இருக்கறப்ப, இருபதைப் பிரிக்கணும். இது என்ற கண்டுபிடிப்பு இல்லை, கணக்கு அப்படித்தான் சொல்லுது. யாரு போட்டாலும் அதேதான் வரும். நான் காசை எடுத்து வெச்சேன். டேபிளே அலறுச்சு. வடக்கத்திக்காரன் ஒருத்தன் தலைல அடிச்சுக்கிட்டான். சகலை, அண்ணா அண்ணான்னு கத்தறாரு. மாமனாரு எந்திரிச்சு, பேண்ட்டைப் பிடிச்சுட்டு, அஞ்சு பேரைத் தாண்டி எங்கிட்ட வந்து, என்ற கை மேல தன்ற கையை வெச்சாரு.

"மாப்பிள்ளை, இருக்கறது இருக்கட்டுமுங்க. பிரிக்க வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னாரு. சத்தமாக் கூடச் சொல்லலை. ஆனா அங்க எல்லாமே கைச் சைகைலதானுங்க காட்டணும். அவரு கை என்ற கை மேல இருந்தா நான் எப்படி டீலருக்குக் காட்டறது? எடுத்து அந்தப் பக்கம் வெச்சேன். தட்டி விடலீங்க. எடுத்துத்தான் வெச்சேன். சகலைதான் ஊருக்குள்ள தட்டிவிட்டாருன்னு சொல்லிட்டுத் திரியறாரு.

ஒரு ராஜாவுக்கு ஒரு பத்து விழுந்துச்சு. இருபது. இன்னொரு ராஜாவுக்கு ஒரு ராணி. அதுவும் இருபது. பார்த்தீங்களா, கணக்கு சொன்ன மாதிரியே நடந்துச்சு. அப்புறம் டீலர் பொண்ணு மறைச்சு வெச்ச சீட்டைத் திருப்புச்சு. ஜாக்கி. ஆறும் பத்தும் பதினாறு. எடுத்தே ஆகணும். எடுத்துச்சு. அஞ்சு.

இருபத்தொண்ணு.

டேபிள் பூரா காலி. நான் பிரிக்காம இருந்திருந்தா, எனக்கு மொதல்ல விழுந்த அந்தப் பத்து டீலருக்குப் போயிருக்கும். இருபத்தாறு. எல்லாரும் ஜெயிச்சிருப்பாங்க. அதையேதான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க. அண்ணா, சீட்டு கவுந்து கெடக்கறப்ப யாருக்குத் தெரியும்? கடைசி நாற்காலிக்காரன் எடுக்கறதுனால எல்லாரும் பொழைச்ச ஆட்டமும் இருக்கு, அதை எவனும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை. நான் இன்னிக்கும் சொல்றேன், அதே எடத்துல உக்கார வெச்சா அதே மாதிரி பிரிப்பேன். ஆனா அதைக் கேக்கறதுக்கு அந்தக் கார்ல ஒருத்தரும் இல்லை. மாமனாரு வேட்டியைக் கட்டிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துட்டே வந்தாரு. புளிசோறு போன மாதிரியே திரும்பி வந்துச்சு.

பணத்தைப் பத்தி அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்க. அது வேற எனக்குப் பயமா இருந்துச்சு. ஊட்ல எறக்கி விட்டப்ப மாமியாகிட்ட, மாப்பிள்ளை என்ற கையைத் தள்ளிட்டாருன்னு மட்டும் சொன்னாராம்.

அது கலா காதுக்கு வந்துருச்சு. சண்டை போடுவான்னு பார்த்தேன். போடலை. சாப்பிடற டேபிள்ல எனக்கு எதிர்ல வந்து உக்காந்தா, சீட்டு போடறப்ப உக்காருவாளே, அதே எடத்துல. "எங்கப்பா கையை எடுத்து வெச்சப்பக் கூட எண்ணிட்டுத்தான் இருந்தீங்களா"ன்னு கேட்டா. நான் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. ஆமா கலா, தப்பவே இல்லைன்னு சொன்னேன். அதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னமும் தெரியலை. ரெண்டு சேலையை எடுத்துப் பையில வெச்சா. பஸ் ஏறிப் போயிட்டா.

அவ போயி ஆச்சு, நெல் நட்டு அறுக்கற அளவு காலம். ஊட்ல சத்தமே இல்லீங்கண்ணா. ஏசி ஓடற சத்தந்தான். சீட்டை எடுத்துப் பரப்புவேன், நானே ஏழு பேருக்கும் போடுவேன். வேடிக்கை என்னன்னா, அவ பேசாம எனக்கு எண்ணிக்கை ஒதைக்குது. ஜீரோ வர்றதே இல்லை.

இன்னிக்குப் பேச்சுக்குக் கூப்பிட்டிருக்காங்க. மாமனாரு, மச்சான், சகலை, பெரியப்பா மொறைல ரெண்டு பேரு, இன்னும் யார் யாரோ. வட்டமா நாற்காலி போட்டு உக்காந்துருவாங்க. ஆளாளுக்குப் பேசுவாங்க. நம்ம மொறை வர்றப்ப பேச ஒண்ணும் மிச்சம் இருக்காது. எனக்குத் தெரியாதா? அதனால நேத்து கலாவுக்குப் போன் பண்ணுனேன். இந்தக் கூட்டம் வேண்டாம் கலா, அதுக்கு முன்னால நீயும் நானும் மட்டும் தனியா அஞ்சு நிமிஷம் பேசிக்கலாம், கெஞ்சிக் கேக்கறேன்னு சொன்னேன்.

அதுக்கு அவ சொன்னா. "சரிங்க, நானே தனியா பிரிவுக்கு வந்து நிக்கறேன். அன்னிக்கு ஜீரோ வந்துச்சுன்னு டேபிளைத் தட்டுனீங்கல்ல, அப்ப நான் சீட்டு போட்டுட்டே உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அது என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் கூட்டத்துக்கே போகலை, அடுத்த பஸ்ல உங்க கூட வந்துர்றேன்."

சுளுவாத்தான் கேட்டிருக்கா. நேத்துலருந்து யோசிக்கறேன்.

அன்னிக்கு விழுந்த மொத ஆட்டம் பூரா எனக்கு ஞாபகம் இருக்குங்க. ஏழு, ராணி, மூணு, மூணு, ஏஸு, ஒம்பது, நாலு. டிவில விளம்பரம் ஓடுச்சு. அவ பச்சை சேலை கட்டியிருந்தா. வாய் அசையறது கண்ணுல நிக்குது. சத்தந்தான் இல்லை. கதவுன்னு ஒரு வார்த்தை வந்த மாதிரி இருக்கு. கதவைப் பத்தி யாராவது அழுவாங்களா? பொண்ணைப் பத்தியா இருக்குமோ. ஒடம்புக்கு ஏதாவதா? ஒரு தடவை திருப்பூர்ல டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தா, அது அதுக்கு முன்னாலயா பின்னாலயான்னு தெரியலை. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்லண்ணா? உங்கூட்டு அம்மணி நிறுத்தாமப் பேசிட்டே அழுதாங்கன்னா எதுக்கு அழுவாங்க? சும்மா ஒண்ணு சொல்லுங்க. பொதுவா.

தெரியலீங்களா. உங்களுக்கு எப்படித் தெரியும்.

பேசாம வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பார்க்கலாமான்னும் யோசிச்சேன். நூத்துல ஒண்ணு பலிக்காதா. ஆனா அது சூதாட்டம் ஆயிருமே. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு உங்ககிட்ட மொதல்லயே சொன்னேன்.

பிரிவு வந்துருச்சு போல. விசில் அடிக்கறாரு. அதோ, நிழற்குடைக்கு எதிர்த்தாப்புல, திருப்பூர் பஸ் நிக்கற பக்கம். கலாதாங்க. பச்சை சேலை. யாருமே இல்லை பக்கத்துல, பார்த்தீங்களா? மச்சான் இல்லை, சகலை இல்லை. காலுக்குக் கீழ பை இருக்கு. பையைக் கட்டிட்டே வந்திருக்காங்கண்ணா. வர்றதுக்குத் தயாரா வந்து நிக்கறா.

தனியாத்தான் நிக்கறா. நாந்தான் கேட்டேன்.

அண்ணா, ஒரு ஒதவி. நீங்களும் எறங்குங்க. கரூர் பஸ்ஸு அடுத்தடுத்து இருக்கு, டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பக்கத்துல நில்லுங்க. தூங்கறாரே, இவரையும் எழுப்புங்க. ஏனுங்க, எந்திரிங்க, சித்த எறங்கி வாங்க. இன்னும் ரெண்டு பேரு வந்தாலும் பரவாயில்லை.

நம்ம ஜன்னலைத்தான் பார்க்கறா. ஒருத்தராவது எறங்கி வாங்கண்ணா.